பூ ஆகாத பிள்ளை

எனக்கு ஐஸ் ஆகாது, தயிர் ஆகாது, நாய்க்குட்டி ஆகாது, மழையில் நனைந்தால் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இந்தப் பட்டியலை ஒப்பித்துவிடுவாள். நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அதில் பூவும் சேர்ந்தது. மற்றவையெல்லாம் டாக்டரோ அம்மாவோ சொல்லிச் சேர்ந்தவை. பூவை மட்டும் நான்தான் சேர்த்தேன். வாயைத் திறக்கக்கூட இல்லை. தலையை ஒரு தடவை ஆட்டினேன், அவ்வளவுதான்.

கிழக்குத் தாம்பரத்தில் அப்போது எங்களுக்குத் தனி வீடு இருந்தது. தாத்தா கட்டியது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் வீட்டைவிடப் பெரிய தோட்டம். தாத்தா அதை அப்பா பெயரிலும் அப்பாவின் அக்கா பெயரிலும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அக்காதான் என் அத்தை. கல்யாணமாகிப் போன ஏழாவது மாதம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். வீட்டுக்குள் அவளுக்கென்று இருந்தது தையல் மெஷினும் அது நிற்கும் மூலையும்தான். பின்கதவைத் தாண்டிவிட்டால் மட்டும் அவள் ராஜ்ஜியம். அங்கே அம்மாகூட அவளைக் கேட்டுத்தான் கறிவேப்பிலை கிள்ளுவாள்.

பாடப் புத்தகத்தில் வசந்தகாலம் என்று ஒன்று வரும். தாம்பரத்தில் அது மாசிக் கடைசியில் வந்து, நாம் கவனிப்பதற்குள் பங்குனி வெயிலில் காணாமல் போய்விடும். அந்தக் கொஞ்ச நாளில் அத்தைக்குத் தலைகால் புரியாது. மாமரம் பூத்துக் கொட்டும். அடியில் போய் நின்றால் தத்துப்பூச்சிகள் சடசடவென்று முகத்தில் மோதும், தலைமுடி பிசுபிசுக்கும். செம்பருத்திக் கொம்பில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்ளும். அத்தை சோப்புத் தண்ணீரைக் கரைத்து அடித்துக்கொண்டே அவற்றைத் திட்டுவாள். பள்ளிக்கூடத்தில் எங்கள் மிஸ்கூட எங்களை அவ்வளவு உரிமையோடு திட்டியதில்லை.

ஒருநாள் முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றேன். முதுகெல்லாம் கம்பளிப்பூச்சி முடி ஏறிவிட்டது. ஊரைக் கூட்டி அழுதேன். அத்தை பிளாஸ்திரியை முதுகில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து, ஒவ்வொரு முடியாக எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவினாள். அன்று சாயங்காலமே கந்தல் துணியில் மண்ணெண்ணெயை நனைத்துக் கொளுத்தி, அந்தப் பூச்சிக் கூட்டத்தையே பொசுக்கினாள். செடியில் வாழும் எந்த உயிருக்கும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்காகச் செய்தாள்.

பங்குனி பிறந்ததும் வேப்பம்பூ உதிர ஆரம்பிக்கும். அத்தை தன் பெட்டியிலிருந்து ஓர் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து மரத்தடியில் விரிப்பாள். விடிந்ததும் அதன்மேல் பூ பொரிபொரியாகக் கிடக்கும். நாலு மூலையையும் பிடித்து மூட்டையாகத் தூக்குவதற்கு நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அது அவளுடைய கல்யாணப் புடவை. எனக்கு அது பூப் பொறுக்குகிற துணி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு பில்டர் வந்தார். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி அடுக்ககம் கட்டலாம், எங்கள் பங்குக்கு இரண்டு வீடு தருகிறேன் என்றார். அம்மாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத வெளிச்சம் வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கூடத்து மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து சாம்பாரில் விழும் வீடு அது. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று சமைத்தவள் அவள். ஆனால் அத்தை கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது. அத்தை சண்டை போடவில்லை. “நான் போற வரைக்கும் இந்த மரமெல்லாம் இருக்கட்டும்பா. அப்புறம் என்னா வேணா பண்ணிக்கோங்க” என்று ஒரே தடவை சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

மாசியில் எனக்கு இழுப்பு வந்தது. வருஷா வருஷம் வருவதுதான், அந்த வருஷம் கொஞ்சம் கூடுதல். மார்பில் பூனை கத்துவது எனக்கே கேட்கும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்தேன். எல்லாம் இந்தப் பூவால் வருவது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தனக்குள், பிறகு அப்பாவிடம், பிறகு அத்தையின் காதில் விழும்படி. பழி போட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவள் அதை உண்மையாகவே நம்பினாள்.

சரி, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். அதற்காக ஒரு வாரம் அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருந்ததால் தும்மிக்கொண்டே போனேன். முன்கையில் பேனாவால் எட்டு எண் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். சொறியாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று இடத்தில் கொசு கடித்த மாதிரித் தடித்தது. ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்ததாம். மற்ற இரண்டையும் டாக்டர் தொட்டுக் காட்டினார்.

“வீட்டுத் தூசில இருக்கிற பூச்சி, அப்புறம் கரப்பான். மெத்தை, தலகாணியெல்லாம் வெயில்ல போடுங்க. செடி கொடியால ஒண்ணும் இல்ல.”

“வேப்பமரம் இருக்கு டாக்டர், மாமரம் இருக்கு” என்றாள் அம்மா, விடாமல்.

“இருக்கட்டுமேம்மா” என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையில் அப்பா வண்டியை நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார், ஐஸ் போட்டு. அம்மா தடுக்கவில்லை. என் பிறவியிலேயே அது முதல் தடவை. நான் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மனசு மாறுவதற்குள் குடித்து முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக உறிஞ்சினேன். அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “டாக்டர் சொன்னத அத்தகிட்ட நீ சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்.” நான் தலையாட்டினேன். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தவர் எது சொன்னாலும் ஆட்டியிருப்பேன்.

ரோஸ்மில்க்கின் புண்ணியமோ, மாத்திரை இல்லாத குறையோ, மறுநாள் காலையில் எனக்கு மூச்சு விசிலடித்தது. அத்தை என்னைத் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்காரவைத்து முதுகை நீவிவிட்டாள். மரத்தடியில் அரக்குப் புடவை விரித்தபடி கிடந்தது. அப்பா கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“உண்மையச் சொல்லுடி கண்ணு. பூவாலதான் இழுக்குதுன்னு டாக்டர் சொன்னாராமே, அப்படியா? உங்கப்பா சொன்னத நான் நம்பல. நீ சொன்னா நம்பறேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்து மிரட்டியிருந்தால்கூட இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. மூன்று பெரியவர்கள் என் ஒரு தலையாட்டலுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆட்டினேன்.

அத்தை எழுந்துபோய்ப் புடவையை அதிலிருந்த பூவோடு சுருட்டினாள்.

கையெழுத்துதான் வேண்டும் என்று அப்பா நினைத்திருந்தார். அத்தை அதற்கு முன்னால் வேறொன்று செய்தாள். இரண்டு நாள் கழித்து அவளே மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்தாள். அந்த ஆள் வேம்பை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாம்மா, பூ இப்டி கொட்டிகினு கீது. ஒரு மாசம் போவட்டுமே.”

“கொழந்தைக்கு மூச்சு இழுக்குதுப்பா. ஒரு மாசம் தாங்காது. வெட்டு.”

தூசி படக்கூடாது என்று என்னை உள்ளறையில் விட்டு ஜன்னலையெல்லாம் சாத்தினார்கள். தாத்தா காலத்து இலவம்பஞ்சு மெத்தையில் படுத்திருந்தேன். டாக்டர் வெயிலில் போடச் சொன்ன மெத்தை அது. யாரும் போட்டிருக்கவில்லை. அதன் வாசனை மூக்கில் ஏற ஏற எனக்கு இழுப்பு அதிகமானது. சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். “சீக்கிரம்ப்பா, சீக்கிரம், பிள்ளைக்கு முடியல” என்று அத்தை வெட்டுகிறவரை அவசரப்படுத்தும் குரல் கேட்டது. நான் மூச்சுத் திணறத் திணற வேம்பு போனது, மா போனது, மல்லிக் கொடியும் வேரோடு போனது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது தோட்டம் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவர் பச்சை நிறம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா வேலையிலிருந்து வந்து பின்கதவு வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்து படுத்துவிட்டார். சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் அத்தை கையெழுத்துப் போட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளே “எங்க போடணும்?” என்றாள். அடுக்ககம் எழும்பியதும் தன் பங்கு வீட்டில் அவள் காலடி வைக்கவில்லை. மண்ணு இல்லாத எடத்துல எனக்கு என்னா வேலை என்றாள். பொத்தேரியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்தாள். மாடியில் ஓர் அறையும் பின்னால் ஒரு சின்ன பால்கனியும் கொடுத்தார்கள். என் இழுப்பு எங்களோடு புது வீட்டுக்கு வந்தது. அந்த மெத்தையும் வந்தது.

உண்மையைப் பிறகாவது சொல்லியிருக்கலாம். பத்தாவது படிக்கும்போது சொல்ல நினைத்தேன், அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடுமே என்று விட்டேன். அப்பா போன பிறகு, செத்தவரைக் குறை சொல்வதா என்று விட்டேன். காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. போன மாசியில் அத்தையும் போய்விட்டாள். இனிமேல் சொல்வதற்கு ஆளில்லை.

அவள் அறையைக் காலி செய்யப் போனபோது பால்கனியில் கால் வைக்க இடமில்லாமல் தொட்டிகள். மல்லி, செம்பருத்தி, ஒரு தொட்டியில் முழங்கால் உயர வேப்பங்கன்றுகூட இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு துளசியைக்கூட நான் பார்த்ததில்லை. ஹாஸ்டலில் சமையல் செய்யும் அக்காதான் சொன்னார்: “நீங்க வர்றீங்கன்னா மொத நாளே எங்களக் கூப்ட்டு எல்லாத்தையும் மொட்ட மாடிக்கு ஏத்திடுவாங்க. தலைல பூ இருந்தா எடுத்துடச் சொல்வாங்க. எங்க தம்பி பொண்ணுக்குப் பூ ஆவாதுன்னுவாங்க.”

அந்த ஹாஸ்டலுக்கு நாங்கள் முதல் தடவை போனது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவும் நானும் ரயிலில் போயிருந்தோம். அத்தை ஈரத் தலையோடு கீழேயே வந்து நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். மாடியில் அவர்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்க, நான் பால்கனிக்குப் போனேன். தரையில் வட்டம் வட்டமாக ஈரத் தடம், ஆறு இருந்தது.

“இது என்ன அத்தை?”

“பக்கெட்டு வெச்சிருந்தேன்டி, துணி ஊற வெக்க.”

ஓர் ஆளுக்கு ஆறு பக்கெட் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நொண்டி விளையாட நல்ல கட்டம் கிடைத்தது என்றுதான் தோன்றியது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குக் குதித்தேன்.

“மெதுவாடி கண்ணு, இழுக்கப் போவுது” என்றாள் அத்தை.