ஏலத்துக்கு வந்த ட்ரவுட்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒக்லாந்துக்கு அவர் எங்களுக்கு நாலு வருடம் முந்தி வந்தவர். மவுண்ட் ஆல்பர்ட்டில் சொந்தமாக ஒரு மரவீடு, பொறியியல் கம்பனியில் வரைபடம் போடும் வேலை, சத்தமே கேட்காத கார். நான் மனுரேவாவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். ஆளில் குறை சொல்லவும் வழியில்லை. எங்கள் விசாவுக்கு ஓடித் திரிந்தவரே அவர்தான். கெட்ட மனுசனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு இருந்தது ஒரே மகள், அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, சனி ஞாயிறில் நடந்த புதினத்தை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். என் மகள் சொன்ன புதினமெல்லாம் பெரியப்பாவுடையது. பெரியப்பா கம்ப்யூட்டர் வாங்கினார். பெரியப்பா பனிமலை காட்டக் கூட்டிக்கொண்டு போனார். "அப்பாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் வேலைக்குத்தானே போறீங்கள், அதில் சொல்ல என்ன இருக்கு என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவருக்கு மேல். அது மீன். நான் மன்னார். பதினைந்து வயதிலிருந்து இருபத்திரண்டு வரை அப்பாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனவன். அவர் யாழ்ப்பாண டவுன்காரர், பாரைக்கும் விளைமீனுக்கும் வித்தியாசம் தெரியாது. குடும்பமாகச் சாப்பிட இருக்கும்போது, "தம்பி, இது நல்ல மீனோ பார்" என்று தட்டை என் பக்கம் நகர்த்துவார். நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் எடுத்துப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் அவர் டெலிபோன் எடுத்தார்.

"தம்பி, கம்பனிக் கந்தோரில எனக்கு ஒரு பரிசு தந்திருக்கினம். முழுநாள் மீன்பிடி, ஏரியில. கைட் ஒருத்தர் வீட்டுக்கே வந்து ஏத்திக்கொண்டு போவாராம். ரெண்டு பேருக்கு. நீதான் வரவேணும். எனக்கு உதில ஒண்டும் தெரியாது."

அந்தக் கடைசி வசனம் எனக்குத் தேனாக இருந்தது. அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, வருகிற திங்கட்கிழமை நீ அப்பாவின் புதினம் சொல்லப் போகிறாய் என்றேன். எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டுக் கைகளை விரித்தாள். நான் அவளுடைய கைகளைப் பிடித்து இன்னும் அகலமாக விரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பாதி வகுப்புக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

கைட் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். அதிகம் கதைக்காத மனுசன். சனிக்கிழமை விடியமுதலே வந்து எங்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போனார், வைக்காட்டோ ஆற்றை மறித்துக் கட்டிய அணை ஏரி ஒன்றுக்கு. என் சகலன் மடியில் நூலகத்தில் எடுத்த மீன்பிடிப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். "இங்கே பாஸ் மீனும் அகப்படுமா?" என்று கேட்டார். கைட் முதல்தடவையாகச் சிரித்தார். அதற்கு நீங்கள் அமெரிக்காவுக்குப் போகவேண்டும், இங்கே ட்ரவுட்தான் என்றார். புத்தகம் படித்த மீன்பிடி இவ்வளவுதான் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கரையில் நிறுத்தி, ஆளுக்கொரு தூண்டில் தடியைத் தந்தார். எனக்கு எறியக் காட்டித்தர வந்தவரைக் கையசைத்து அனுப்பிவிட்டேன். மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ?

முதல் மீன் என்னுடைய தூண்டிலைத்தான் கடித்தது. கடலில் நாங்கள் தடி பிடிப்பதில்லை. வெறும் நூலை விரலில் சுற்றியிருப்போம். கடித்ததும் தூண்டில் முள் எலும்பில் ஏற ஒரே சுண்டு, பிறகு கைக்குக் கை மாற்றி இழுப்பு. தாமதித்தால் வேறு பெரிய மீன் வந்து தின்றுவிடும். அதையேதான் செய்தேன். நூல் தொய்ந்துபோனது. கைட் அதை இழுத்தெடுத்து முள்ளைக் காட்டினார். நகம் அளவு உதட்டுச் சதை தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரவுட்டுக்கு வாய் மென்மை, ஓட விடு, களைத்தபிறகு கொண்டுவா என்றார். சரி என்றேன். இரண்டாவது மீனுக்கும் என் கை தான் படித்ததையே செய்தது. மூன்றாவதுக்குத் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நூலைப் பிடித்து இழுத்தேன். கைட் ஏரியின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தாரோ என்னவோ.

சகலனோ பூசையில் முதல் நன்மை வாங்க வந்த பிள்ளை மாதிரிப் பணிவாக நின்றார். சொன்னதைச் செய்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய ரீல் கிறீச்சிட்டது. "விடவா? இன்னும் விடவா?" என்று ஒவ்வொரு நொடியும் கைட்டைக் கேட்டார். அது போனது, வந்தது, திரும்பப் போனது. பத்து நிமிடத்தில் கைட் தண்ணீருக்குள் இறங்கி வலையால் அள்ளினார். முழங்கையிலிருந்து விரல் நுனியையும் தாண்டிய நீளம். பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை. அதைவிட வடிவான மீனை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

"தம்பி, பாத்தியோ?"

"பாத்தன்."

"இனி நீ பிடி. நான் தேத்தண்ணி ஊத்திறன்."

பொழுது சாயும்வரை எறிந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் பின் சீட்டில் வாயைத் திறந்தபடி நித்திரை. முன்னால் இருந்த என்னோடு கைட் கொஞ்சம் கதைத்தார். இந்த மீனைச் சமைக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், விற்க மட்டும் கூடாது என்றார். இந்த நாட்டில் எந்தக் கடையிலும் ட்ரவுட் வாங்க முடியாதாம். சட்டம். விற்றால் தண்டம். நான் தலையை ஆட்டினேன்.

நகரத்தை நெருங்கும்போது சகலன் எழும்பினார். "தம்பி, நாளைக்கு அந்தோனியார் திருநாள் எல்லோ? இந்த மீனை ஏலத்துக்குக் குடுப்பமே?"

எங்கள் கத்தோலிக்க ஆட்களின் திருநாள் ஏலம் இன்றி முடியாது. தமிழ்ப் பூசைக்குப் பிறகு, நேர்ந்துகொண்டு வந்த பூசணிக்காயையும் முட்டையையும் கேக்கையும் மண்டபத்தில் வைத்து ஏலம் கூறுவார்கள். காசு கோயிலுக்கு. முதல் மீனை அந்தோனியாருக்குக் கொடுப்பது எங்கள் கடல்காரர் வழக்கம். மீனைப் பிடித்தது போதாதென்று அந்த வழக்கத்தையும் இந்த மனுசன் எடுத்துக்கொண்டார்.

விற்கக்கூடாதாம் அண்ணை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடினேன். பிறகு சொன்னேன்: "நல்லது அண்ணை. குடுங்கோ."

வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கிவிட்டாள். "என்ன, ஏதும் பட்டதோ?" என்று மனைவி கேட்டாள். "மீன் அண்ணை வீட்டு ஃபிரிட்ஜில இருக்கு. நாளைக்கு ஏலத்துக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

எங்களுக்கு மண்டபம் தரும் பங்குச் சாமியார் வெள்ளைக்காரர், மீன்பிடிப் பைத்தியம். அவருடைய மேசைக்கு மேலே, ட்ரவுட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நிற்கும் படம் ஒன்று தொங்கும். வழக்கமாக எங்கள் ஏலத்துக்கு அவர் வருவதில்லை. ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால், நான் போய் அவருடைய கதவைத் தட்டினேன். இன்றைக்கு எங்கள் திருநாள், ஏலத்துக்குக் கட்டாயம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். மனுசனுக்குச் சந்தோசம். என் கணக்கு இதுதான்: அவர் மீனைக் காண்பார், எல்லாருக்கும் முன்னால் ஏலத்தை நிறுத்துவார், படித்த மனுசன் அந்தோனியார் பேரில் கள்ளமீன் விற்றார் என்று மண்டபமே கதைக்கும். என் மகளும் பார்ப்பாள். அன்றைய பூசையில் நான் குரலெடுத்துப் பாடினேன்.

ஏலம் கூறியவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பூசணிக்காய் போனது, முட்டை போனது. பிறகு பெரிய தட்டொன்றைக் கொண்டுவந்து மூடியிருந்த தாளை எடுத்தார்கள். சனம் எழும்பி நின்று பார்த்தது. வாத்தியார் தட்டோடு வந்த துண்டுக் கடதாசியை வாசித்தார்.

"இது எங்கட மன்னார்த் தம்பி தன்ர கையால பிடிச்ச மீன். அந்தோனியாருக்கு முதல் மீன் எண்டு நேந்து குடுத்திருக்கிறார்."

கை என்னைக் காட்டியது. சனம் கைதட்டியது. என் மகள் கதிரையில் ஏறி நின்றாள். மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவள் எனக்குத் தந்ததில்லை. நான் சகலனைத் தேடினேன். தேத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில், தோளில் துவாயோடு நின்றார். பேசாமல் இரு என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தார்.

"நான் எடுத்துக்கிறேன் சார். அண்ணன் பிடிச்ச மீனாச்சே" என்று கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு தமிழ்நாட்டுப் பையன் கேட்டான். இன்னொருவர் கூட்டிக் கேட்டார். நிறுத்துங்கோ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் கதவு திறந்தது. கையில் கோப்பையோடு சாமியார்.

நேரே தட்டுக்குப் போனார். குனிந்து பார்த்து, நல்ல மீன் என்றார். யாருடையது என்று வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் பெருமையோடு என்னைக் காட்டினார். சாமியார் என்னிடம் வந்து, ட்ரவுட்டை இங்கே விற்கக்கூடாதே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லையா! நான் கதிரையில் நின்ற மகளைப் பார்த்தேன்.

சகலன் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஃபாதர், பிழை என்னுடையது. இவர் மீனைத் தன் பிள்ளைக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தார். ஏலத்துக்குக் கொடு என்று வற்புறுத்தியது நான். சட்டம் எனக்குத் தெரியாது. இவரில் ஒரு குற்றமும் இல்லை.

சாமியார் சிரித்துவிட்டார். அப்படியானால் விற்காமல் பொரியுங்கள், அந்தோனியார் கோவிக்கமாட்டார் என்றார். பெண்கள் மீனைக் குசினிக்குக் கொண்டுபோனார்கள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்ததில் ஆளுக்கு ஒரு விள்ளல் வந்தது. என்னுடையதை நான் தின்னவில்லை.

மகள் வந்து என் சட்டையைப் பிடித்தாள். உண்மையாகவே உங்கள் கையால் பிடித்தீர்களா என்று கேட்டாள். சகலன் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓம்" என்றேன்.

அவள் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் அவளுடைய உயரத்துக்குக் குந்தினார்.

"ஓம் பிள்ளை. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

அதற்குப் பிறகுதான் அவள் நம்பினாள்.