புறா இறங்க மறுத்த மாடி

என் வீட்டுக்காரர் நிலக்கரி ஆள். எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையத்தில், கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. நானோ காய்ந்த துணியை, அங்கிருந்து பறந்து வரும் சாம்பல் போக உதறிவிட்டு மடிக்கிறவள். மாடியில் சோலார் வைத்தால் அரசாங்கம் மானியம் தருகிறது என்றதும், திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக நான்தான் கை தூக்கினேன்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். டிவியில் சோலாரா, நிலக்கரியா என்று கத்துகிறவர்கள் விளம்பரம் வந்தாலாவது ஓய்வார்கள். இவர் ஓயமாட்டார்.

"ராவுல இன்னாமே பண்ணும் உன் சூரியன்? அப்போ எங்க கரிதானே வேணும்?"

"பகல்ல எரிக்கிறதையாவது கொறைங்கய்யா. வூடெல்லாம் சாம்பலாக் கீது."

"அல்லாரும் சோலாருக்குப் போய்ட்டா பிளாண்டை மூடிடுவானுங்க. அப்பால நான் எங்க போறது?"

அவர் கேட்டது நியாயம்; எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

எங்கள் மாடியில் அவருடைய புறாக் கூண்டு இருக்கிறது. எங்கள் பக்கம் புறாப் பந்தயம் என்றால் உயிர். காலையில் பறக்கவிட்ட புறா பகலெல்லாம் வானத்திலேயே சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் சொந்த மாடியில் இறங்க வேண்டும். அடுத்த வீட்டில் இறங்கினால் தோல்வி.

"பந்தயத்தன்னிக்கு என் வெள்ளைப் புறா நம்ம மாடில எறங்கலைன்னா, உன் சோலாரைக் கழட்டிருவேன், ஆமா" என்றார். சரி என்றேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே பேனல்களை மாட்டிவிட்டுப் போனார்கள்.

பந்தய நாள் சாயங்காலம் பாதித் தெரு எங்கள் மாடியில் நின்றது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் புறா தாழ வந்தது. மாடிக்கு நேராக வந்ததும் மிரண்டு மேலே ஏறிவிட்டது. மறுபடியும் வந்தது, மறுபடியும் ஏறியது. மேற்கு வெயில் பட்டு, பேனல் கண்ணாடியாக மின்னியது. சாம்பல் படிந்து எப்போதும் மங்கிக் கிடக்கிற பேனல் அது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"யாருய்யா இதைத் தொடைச்சது?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நாலு பேரு வர்ற எடம். நம்ம வூட்டுப் பொருளு கலீஜா கீதேன்னு காத்தால நான்தான் தொடைச்சேன்."

சிரிக்க நேரமில்லை. கீழே ஓடிப்போய்ப் பீரோவில் இருந்த புடவைகளை அள்ளிவந்தேன். இரண்டு பேருமாகப் பேனல்மேல் விரித்தோம்.

"புடவை விரிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இல்ல" என்று நடுவரும் சிரித்துவிட்டார்.

இவர் புறாவுக்குத் தீனி போடும் கம்பு டப்பாவைக் குலுக்கினார். புறா ஒரு சுற்றுச் சுற்றி, நேராக என் கல்யாணப் புடவைமேல் இறங்கி, எச்சமும் போட்டது. மாடியே விசிலடித்தது. எனக்குக் கோபமே வரவில்லை. நானும்தான் கத்தினேன்.

பேனலை மூடிய பிறகு புறா இறங்கினால் ஜெயித்தது அவரா, நானா? அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொண்டாட்டத்தில் புடவைகளை எடுக்கவும் மறந்துபோனோம்.

மறுநாள் காலையில் மாடியிலிருந்து ஒரே கூச்சல். என் நிலக்கரி ஆள்தான்.

"இன்னாமே இன்னும் தூங்கிக்கினு கீற? வந்து பொடவைய எடு. வெயிலு வீணாப் போவுது!"