ஐந்தருவி ஆடிஷன்

என் முகத்தை முதன்முதலில் டிவியில் பார்த்தபோது என் வாயில் பாதி இட்லி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாதான் முதலில் கத்தினாள். "ஏட்டி, இங்கன வா! இது நீயில்லா?" உள்ளூர் கேபிள் சேனலில், ஐந்தருவிக்கு முன்னால், அரக்கு நிறச் சுடிதாரில் நான் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அந்தச் சேனலில் வேலைக்குச் சேரவே இல்லை. பத்து நாளைக்கு முன்னால் ஆடிஷனுக்குப் போய்விட்டு, முடிவு சொல்வார்கள் என்று போனும் கையுமாகக் காத்திருந்தவள்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் காக்கிதான். நானும் தேர்வு எழுதி அதற்கே வர வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கோ மைக் என்றால் உயிர். கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன், எங்கே கூப்பிட்டாலும் தொகுத்து வழங்க ஓடுவேன். "சாரல் சீசன் முடியுத வரைக்கும் பாரு. அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா போலீஸ் செலக்சனுக்கு வெள்ளனையே கிரவுண்டுக்கு ஓட வந்திரணும்" என்று அப்பா கெடு வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் சேனலில் 'தொகுப்பாளர் தேவை' என்று கீழே எழுத்து ஓடியது.

தென்காசியில் ஒரு மாடியில் அவர்கள் ஆபீஸ். ஒன்பது பெண்கள் வந்திருந்தோம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓரிருவராக வேனில் ஏற்றினார்கள். என்னோடு வந்தவள் கடையத்துக்காரி. அவளுடைய துப்பட்டா நிற்கவில்லை என்று என் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்கு ஐந்தருவி, அவளுக்கு மதியத்துக்கு மேல் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம் என்றார்கள்.

அருவிக்கரையில் குளிக்க வந்தவர்களைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒரு மாமா தன் குடும்பக் கதை முழுவதையும் சொன்னார். ஒரு குரங்கு மைக்கின் பஞ்சு உறையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஒரு ஜவுளிக்கடையின் பெயரைச் சொல்லி, 'இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்' என்று ஆறு தடவை சொல்ல வைத்தார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. ஆடிஷனுக்கு எதற்கு ஜவுளிக்கடை என்று என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. இவ்வளவு கஷ்டப்படுத்துகிறார்கள் என்றால் வேலையும் அவ்வளவு பெரியது என்று நினைத்துக்கொண்டேன். போலீஸ் வீட்டில் வளர்ந்த புத்தி அது. அங்கே ஓடவிட்டு, தாண்டவிட்டு, கயிறு ஏறவிட்டுத்தானே ஆளை எடுப்பார்கள்!

அந்த ஞாயிறு அப்பா அரை மணி நேரமும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் போனை எடுத்து ராயகிரி அத்தையில் தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "எம்மவ டிவியில வாரா, பாத்தியா?" அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்து சுற்றிப் போட்டாள். சொல்லாமல் கொள்ளாமலே என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. நிகழ்ச்சி தொடங்கியது. திரை முழுக்கச் சூரியகாந்தி. அதன் நடுவில் கடையத்துக்காரி நின்று, நான் சொன்ன அதே வணக்கத்தைச் சொன்னாள். துப்பட்டாவில் என் ஊக்கு. எதிர்வீட்டு அக்கா, "நீ எப்பம்மா வருவ?" என்று கேட்டாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஞாயிறென்றும் பாராமல் ஆபீஸ் திறந்திருந்தது. அங்கிருந்த மேனேஜர் அப்பாவின் மீசையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஆடிஷன்னுதான சொன்னோம்? எடுக்கத ஒளிபரப்புவோம்னு பேப்பர்ல இருக்கு. பாப்பா கையெழுத்துப் போட்டிருக்கா."

"சரி. அப்போ செலக்ட் ஆனது யாரு?"

"யாரும் ஆகல அண்ணாச்சி. ஒம்பது பேரு, ஒம்பது வாரம். அதோட சீசன் முடிஞ்சிரும்லா."

கூசாமல் சொன்னார். முழு நிகழ்ச்சியையும் ஆடிஷனை வைத்தே ஓட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். வேலை என்று ஒன்று முதலிலிருந்தே இல்லை. ஊருக்கே ஓதுகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அப்பா அந்தத் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "வா" என்றார்.

படியிறங்கும்போது கீழேயிருந்து ஒருத்தி ஏறி வந்தாள். கையில் மாற்றுத் துணிப் பை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்கதான ஐந்தருவில வந்தது? ஒங்களப் பாத்துட்டுதான் நானும் வாரேன். தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்காங்களாம்."

அப்போதுதான் வாய் திறந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை கிடையாது, கூப்பிட மாட்டார்கள், அத்தனையும் ஏமாற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிக்கா. ஆனா டிவில வரும்லா?"

வரும் என்றேன். அவள் சிரித்துவிட்டு எங்களைத் தாண்டி மேலே ஏறிப் போனாள்.

நான் அந்தப் படியிலேயே நின்றேன். அன்று எனக்கு விழுந்த அடிகளில் பெரியது அதுதான். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவள் பின்னாலேயே ஏறிப் போய், தீபாவளிக்கு என்னையும் எடுங்கள் என்று கேட்கத்தான் தோன்றியது. இவ்வளவு தெரிந்த பிறகும்.

கீழே அப்பா பைக்கைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"நாளைக்குக் கிரவுண்டுக்கு அஞ்சு மணிக்கு எழுப்பட்டுமா?"

"எழுப்புங்கப்பா" என்றேன்.