பிள்ளையை உட்கார வைத்தே வளர்த்தேன்

ஹீமோஃபீலியா பிள்ளையைப் பெற்ற அம்மாவின் உத்தியோகத்தில் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. என்னைப் போல் பயந்து சாகும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இது.

போகாத அழுக்கு

என் மகன் ஜோயலுக்கு ஒன்பது வயது. விழுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், லேசில் நிற்காது. அதனால் ஓடாதே, குதிக்காதே என்று சோபாவிலேயே வைத்திருந்தேன். ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி ஒவ்வொன்றுக்கும் ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் சன்மானம். ஆள் உருண்டையானான். பின்கழுத்தில் கறுப்பாக ஏதோ படிந்தது. கான்வென்ட்டில் படித்த என் சுத்தம் சும்மா விடுமா? பீர்க்கங்காய் நாரால் தினமும் தேய்த்தேன். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

செங்கல்பட்டில் அவனுக்கு ஊசி போடும் நர்ஸக்கா கழுத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அழுக்கு இல்லம்மா, எடை ஏறினா இப்பிடி வரும். தேய்ச்சது போதும், டாக்டராண்ட காட்டு."

ஒரு சொட்டு

டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். அவன் விரலில் குத்தியதும் நான் கத்தியதில் வார்டே திரும்பியது. அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்தவர், ரத்தம் நிற்கும்வரை விடவில்லை. ஜோயல் பாட்டுக்குக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, எல்லையில் நிற்கிறதாம். ஹீமோஃபீலியா நேராகச் சர்க்கரையைக் கொண்டுவராது, அசையாமல் உட்கார்ந்து ஏறும் எடைதான் கொண்டுவரும் என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸக்கா என் தோளில் தட்டினார்.

"ஒரு சொட்டுக்கு நீ குடுக்கற சவுண்டு, ஊசிக்கு அவன் கூட குடுத்ததில்ல."

இரண்டு மருந்து

அன்று ஊசிக்கு வந்திருந்தார் கேளம்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவருக்கும் ஹீமோஃபீலியா. முட்டி மடங்காது, ஆனாலும் தனியாகவே பஸ் ஏறி வருவார். என் அழுகையைப் பார்த்துப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துக் காட்டினார். குரலில் துளி கசப்பில்லை.

"எங்கம்மா என்னிய வாசப்படி தாண்ட வுடல தங்கச்சி, இப்ப ரெண்டு வியாதிக்கும் மருந்து எடுத்துகினு கீறேன்."

குளத்தங்கரையில்

டாக்டர் சொன்னபடி, ஊசி போட்ட நாட்களில் திருப்போரூர் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் போகிறோம். சொல்லித்தருபவள் மாமல்லபுரம் குப்பத்துப் பெண். முதல் நாளே எந்த மூட்டு வலிக்கும் என்று ஜோயலிடமே கேட்டாள். வழுக்கும் படியில் ரப்பர் பாய் விரித்தாள். ஐந்தே நிமிடத்தில் நான் "ஏறுடா, போதும்" என்றேன். அவன் காதில் விழாத மாதிரி காலை அடித்தான்.

"அவன் நல்லாத்தான் மூச்சு வுடறான்க்கா, நீதான் வுடாம நிக்கிற."

ஒன்பது வருடம் தரையிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று, இனி என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.