வெண்கலப் புத்தகமும் புத்தகக் காக்காவும்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு தை மாதம். மாரி மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். கல்முனைக் கடைத்தெருச் சந்தியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். அதனால் கொஞ்சம் சூடாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. பள்ளி விட்டு முக்காடும் குடையுமாக வரும் வழியில், சந்தி வாகை மரத்தடியில் ஒருவர் பன்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன், ஊரே அவரைப் புத்தகக் காக்கா என்றுதான் கூப்பிடும். பாடப் புத்தகம், பாட்டுப் புத்தகம், பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வருகிற இந்துக்களுக்குப் பஞ்சாங்கம் எல்லாம் பாயில் கிடக்கும். குர்ஆனையும் மார்க்கக் கிதாபுகளையும் மட்டும் ஒரு மரப்பெட்டியின் மேல் உயர்த்தி, வெள்ளைத் துணியால் மூடி வைத்திருப்பார்.

என் மாணவிகளுக்கு அவரை விட்டால் வேறு வழியில்லை. ஆண்பிள்ளைகளுக்கென்றால் வாப்பாமார் கடைக்குப் போய்ப் புதுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பார்கள். பெண்பிள்ளைக்கு என்னத்துக்கு என்பார்கள். காக்காதான் போன வருடத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பார். கிழிந்த அட்டைக்குப் பசை போட்டு, துணி ஒட்டி, புதிது மாதிரி ஆக்கித் தருவார். புது வகுப்புத் தொடங்கும் தை மாதம் அவர் அந்த இடத்தில் இல்லாவிட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் வெறும் கையோடுதான் இருக்க வேண்டும்.

அந்த வருடம் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். நம்முடைய ஊருக்கு எழுத்தைக் கொண்டுவந்தவை பழைய புத்தகக் கடைகள், அவற்றின் பெருமைக்குச் சந்தியில் ஒரு வெண்கலச் சிற்பம் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நல்ல யோசனைதான், நானும் சந்தோசப்பட்டேன். முதலில் ஒரு மனிதர் புத்தகம் வாசிப்பது போல என்று பேச்சு. மார்க்கத்தில் மனித உருவம் வைக்கக் கூடாது என்று பள்ளிவாசல் பக்கமிருந்து எதிர்ப்பு வந்ததும், றைஹால் பலகையில் விரித்து வைத்த புத்தகம் என்று மாற்றினார்கள். குர்ஆன் ஓதும்போது வைப்போமே, அந்த மடக்குப் பலகை. கொழும்பில் வார்த்து லொறியில் கொண்டுவந்து, வாகை மரத்தடியில் இடுப்பளவு சீமெந்துத் தூணில் பொருத்தினார்கள். சின்னச் சிற்பம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கங்களில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் நான் அந்த வழியாக வருகிறேன், காக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கமிட்டித் தலைவர் ஹாஜியாரும் இரண்டு பேரும் நிற்கிறார்கள்.

“என்ன காக்கா, எங்க போறீங்க?”

“விரிச்ச கிதாபுக்கு முன்னால நான் காலை மடிச்சிக்கிட்டுக் கீழ இருந்து யாவாரம் செய்யக் கூடாதாம், டீச்சர். ஹாஜியார் சொல்றதும் சரிதானே. எனக்கும் மனசு கூசுது.”

அவர் வெண்கலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கோபம் ஏறியது. புத்தகக் கடைக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சந்தியில் உள்ள ஒரே புத்தகக்காரரை எழுப்புகிறார்கள். அதுவும் அவருடைய ஈமானை, மார்க்க நம்பிக்கையைக் காட்டியே எழுப்புகிறார்கள்.

பெண்கள் கடைத்தெருவில் நின்று கதைக்கிற காலமில்லை அது. குடையை மடக்கிக்கொண்டு ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஹாஜியார், இது குர்ஆனா?”

“றைஹால்ல இரிக்கிறது வேற என்ன, புள்ள?”

“காக்காட குர்ஆன் பெட்டிக்கு மேல, துணிக்குள்ள இரிக்கி. உங்கட குர்ஆன் மழைல நனையுது, ஆடு வந்து உரசுது. லொறில இருந்து இறக்கினவங்க எல்லாம் கை கால் கழுவி வுழுவோடயா இறக்கினாங்க? குர்ஆன் எண்டா இப்பவே கழட்டிப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போங்க. இல்ல எண்டா காக்கா ஏன் எழும்போணும்?”

தூணில் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்த மீன்காரர் ஒருவர் பதறிப்போய் அதை இழுத்து எடுத்தார். சுற்றி நின்றவர்கள் ஹாஜியாரின் வாயையே பார்த்தார்கள். நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரிய மனிதர் வருகிறார், பந்தல் போட்டாகிவிட்டது, சிற்பத்தைக் கழற்ற முடியுமா?

“ரோட்டுல நிண்டு பொம்புளப் புள்ள இப்பிடிக் கதைக்கிறது அழகில்ல,” என்றார். நான் அசையவில்லை. கடைசியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “இது சும்மா புத்தகம். கடையளுக்காக வச்சது. குர்ஆன் இல்ல,” என்றார்.

“அப்ப பாயை விரிங்க, காக்கா.”

அவர் உடனே விரிக்கவில்லை. ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்த எழுத்தில்லாத பக்கங்களை நன்றாகக் குனிந்து பார்த்தார். “ஓம், ஒண்டும் எழுதி இல்லதான்,” என்று சொல்லிக்கொண்டே பாயை உதறினார்.

நான் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. வாப்பா முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு, “குர்ஆன் இல்லண்டு அவர்ட வாயாலேயே சொல்ல வச்சியா?” என்று கேட்டார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது. மறுநாள் விழாவில் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி ஆளுக்கு ஆள் உருகிப் பேசினார்கள். காக்கா பக்கத்திலேயே பாயில் இருந்தார், ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. படம் பிடிக்கும்போது ஒருவர் வந்து, “காக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க, படத்துக்கு வடிவா இரிக்காது,” என்றார். அவரும் மறுப்பில்லாமல் தள்ளிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து என் பிள்ளைகள் வழக்கம்போல அவரிடம் புத்தகம் எடுத்தார்கள். அந்தப் படமோ ஹாஜியாரின் கடைச் சுவரில் பல காலம் தொங்கியது. மாலை போட்ட பெரிய மனிதர், ஹாஜியார், நடுவில் வெண்கலப் புத்தகம். கீழே ஓரத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும், ஒரு பன்பாயின் நுனி. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு நினைவுச் சின்னம் திறக்கிறார்கள் என்றால், நான் சின்னத்தைப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் முதலில் இருந்தவரை எங்கே தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன்.