ஐந்தாவது ஜாடி

ஊரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேர் இன்னும் அவரிடம் தேர்வுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைப்பது அவர் உத்தியோகம். பக்கத்து இருக்கையில் வார் மாட்டிக்கொண்டு, முழங்கால்மேல் அட்டையை வைத்து, கூராகச் சீவிய பென்சிலோடு உட்காருவார். திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தாயா என்று கேட்பார். பார்த்தேன் சார் என்பான் ஓட்டுகிறவன். "கண்ணு பார்த்துச்சு. கழுத்து திரும்பலையே," என்று பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டால் நின்றுபோன கல்யாணங்கள்கூட உண்டு என்று சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கும் வாய்த்தது. வெளியூர் போய்வந்த சக ஊழியர் ஒருவர், சின்ன ஆலை ஒன்றில் கைப்பக்குவமாகக் காய்ச்சிய கிராஃப்ட் பீர் என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவர், அதில் ஆரஞ்சுத் தோலின் வாசனை வருவதாக மனைவியிடம் அறிவித்தார். ஆரஞ்சுத் தோல்தான் வேண்டுமென்றால் குப்பைக்கூடையில் நிறைய இருக்கிறது என்றாள் அவள். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் அவர் கலை. தண்ணீரில் ஒரு சொட்டு வினிகர் கலந்து குடித்துப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு சமையலறை டப்பா ஒவ்வொன்றையும் மோந்தார். வறுத்த பார்லியை வாயில் அடக்கிக்கொண்டு அலுவலகம் போனார். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் இரண்டே வருடத்தில் அவருக்கு 'நாக்கு' என்று பெயர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது பொருத்தம் என்பது அவர் மனைவியின் கருத்து. அவள் வேறு அர்த்தத்தில் சொன்னாள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி விற்பவர். அவர் கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேர் கொண்ட ருசிவட்டம் ஒன்று கூடும். நாக்கு, கடைக்காரர், நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கடைசியாகச் சேர்ந்த நாக்கின் மச்சினன். வெவ்வேறு ஊரின் ரசிகர்களோடு பண்டமாற்று செய்து பிடித்த பாட்டிலையோ, தானே காய்ச்சியதையோ ஆளுக்கொன்று துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். எது யாருடையது என்று தெரியக்கூடாது. பாட்டிலின் வடிவம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடைக்காரரின் மனைவி உள்ளறையில் அவற்றை ஒரே மாதிரி வெள்ளை ஜாடிகளில் ஊற்றி, எண் போட்டு, ஒவ்வொன்றாக அதனதன் முறைக்குக் கொண்டுவருவார்.

மூன்று மடக்குதான் குடிக்கலாம். வெறியேறினால் ருசி போய்விடும். கிளாஸில் மிச்சம் இருப்பதை ஆறாவதாக உள்ள வெள்ளை ஜாடியில் கொட்ட வேண்டும்; சுற்று முடிந்ததும் அதையும் கடைக்காரரின் மனைவி உள்ளே எடுத்துப்போய்விடுவார். அந்த ஜாடியின் கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. புதியவர் முதலில் கருத்துச் சொல்வார், நாக்கு கடைசியில் சொல்வார். யார் கருத்து மற்றவர்களோடு கொஞ்சமும் ஒட்டவில்லையோ, அவர் அன்றைக்குக் கிளாஸ் கழுவ வேண்டும். ருசியில் எது சரி என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்கும் இந்த அற்புதமான விதியை வகுத்தவர் நாக்குதான். அவருக்கு அதில் ஆபத்து எதுவும் இருக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் கிளாஸைப் பார்ப்பதில்லை, அவர் புருவத்தைப் பார்ப்பார்கள். புருவம் உயர்ந்தால் பிரமாதம், சுருங்கினால் சுமார். அவர் வாய் திறப்பதற்குள் நான்கு பேரும் அவர் கருத்தைச் சொல்லி முடித்திருப்பார்கள். என் காலத்தில் ரசனை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று அவர் மனம் குளிர்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் குளியலறை குறுக்கிட்டது.

மச்சினன் குளியலறை ஓடு விற்கும் கடையில் வேலை பார்த்தவன். மாமாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் பித்தம் ஏறி, வேலையை விட்டுவிட்டு பீர் காய்ச்சப்போவதாக அக்காள் வீட்டில் வந்து இறங்கினான். புளிக்கவைக்கும் டிரம்களுக்குக் குளிர்ச்சியான, தண்ணீர் வடியும் இடம் வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. இரண்டு டிரம் என்று ஆரம்பித்தது நான்காயிற்று. நாக்கு தினமும் அவற்றின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று, முழங்கை இடிக்காமல், தலைக்கு ஊற்றிக்கொண்டார். டிரம்கள் அவர் காதருகே இரவுபகலாகக் குமிழிவிட்டன. எட்டு மாதமாக அவர் நிம்மதியாக முதுகு தேய்த்ததில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். கடைக்குப் பின்னால் காலியாக ஒரு கொட்டகை கிடந்தது. பையனின் பீரை வட்டத்தில் யாருடையது என்று தெரியாமல் குடித்துப் பார்ப்பது, எல்லாருக்கும் பிடித்தால் கொட்டகையை அவனுக்குக் கொடுத்துத் தானும் தொழிலில் கூட்டுச் சேருவது. பிடிக்காவிட்டால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள். இன்றைக்கு ஒரு நாள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வரும்படி கேட்டாள். எது அவனுடையது என்றே தெரியாதே, கண்ணைக் கட்டிய மாதிரிதானே என்றார் அவர்.

"ஏங்க, எட்டு மாசமா அதுக்கு நடுவுல நின்னு குளிக்கிறீங்க. உங்க மேலயே அந்த வாசனைதான் அடிக்குது. உங்களுக்கா தெரியாது?"

அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். படி இறங்கும்போது, ஒரு புருவம்தானே, கொஞ்சம் உயர்ந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று அவருக்கே தோன்றியது. முப்பது வருட உத்தியோகத்தில் ஒருவனையும் தயவுக்காகத் தேறவைத்ததில்லை. ஆனால் அவர்கள் யாரும் அவர் குளியலறையில் டிரம் வைத்ததில்லை.

முதல் ஜாடி வந்தது, புளிப்பு. இரண்டாவது கருகிய ரொட்டி மாதிரிக் கறுப்பு. மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல், நான்காவதில் கனிந்த வாழைப்பழம். எதிலும் மச்சினன் வாசனை இல்லை. அப்படியானால் ஐந்தாவதுதான் அவனுடையது. நாக்கு தன் புருவத்தைத் தயார்செய்து வைத்துக்கொண்டார். எதிரில் மச்சினன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரரின் மனைவி ஐந்தாவது ஜாடியைக் கொண்டுவந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தங்கையிடம் பேசியபடியே, கைப்பிடியைத் தன் கையால் மூடிப் பிடித்து, ஐந்து கிளாஸிலும் ஊற்றிவிட்டு, ஜாடியோடு உள்ளே போய்விட்டார்.

நாக்கு ஒரு மடக்குக் குடித்தார். குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் புளிப்பு வந்தது. அதன் முதுகில் கருகல். நாக்கின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகு, தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் வழியில், வாழைப்பழம். தலையை மேலே தூக்கி இரண்டாவது மடக்கு குடித்தார். சந்தேகமே இல்லை. இது மச்சினன் பீர் இல்லை, எந்த மனிதனும் காய்ச்சிய பீர் இல்லை. இது மிச்ச ஜாடி. ஐந்து பேரும் வாய் வைத்துக் குடித்துக் கொட்டியது.

அவருக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்கு பீர் கலந்த ஒரு கலவையை நான்காகப் பிரித்து, வரிசை தவறாமல், இரண்டே மடக்கில் சொல்ல இந்த வட்டத்தில் யாரால் முடியும் என்ற பெருமிதம்தான் வந்தது. அதனால்தான் கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

அந்த நேரத்துக்குள் காரியம் கெட்டுவிட்டது. கண்மூடி, தலைதூக்கி, இரண்டாம் மடக்கு குடித்த நாக்கை அதுவரை யாரும் பார்த்ததில்லை. புருவம் உயர்வதே பிரமாதம் என்றால், இது என்னவாக இருக்கும்? மச்சினன் மட்டும் கிளாஸை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நல்லாத்தான் இருக்கு என்று முணுமுணுத்தான். டாக்டரம்மா இந்த மாதிரி அடுக்கடுக்கான சுவையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். வங்கி மேலாளர் இதில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது என்றார். அவர் எதைக் குடித்தாலும் அதைத்தான் சொல்வார், ஆனால் இந்தமுறை குரல் தழுதழுத்தது. கடைக்காரர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, இதைக் காய்ச்சியவனின் கையை முத்தமிட வேண்டும் என்றார்.

எல்லாரும் நாக்கைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தை போதும். கொட்டகை, நான்கு டிரம், குளியலறைக் கதவின் தாழ்ப்பாள், எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் அந்தப்பக்கம் இருந்தன. அவர் நேர்மையினால்தான் அதைச் சொல்லவில்லை என்று நினைத்தால் அது அவருக்குச் செய்யும் அதிகப்படியான மரியாதை. இப்படி ஒரு வித்தையைச் செய்துவிட்டு அதை யாருக்கும் தெரியாமல் விழுங்குவது அவரால் ஆகவில்லை.

"இது நம்ம எச்சில்," என்றார். "மிச்ச ஜாடி."

கழுத்தைத் திருப்பி ஒவ்வொருவராகப் பார்த்து, புளிப்பு எங்கே, கருகல் எங்கே, ஆரஞ்சு எங்கே, வாழைப்பழம் எங்கே என்று விளக்கினார். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

 வங்கி மேலாளர் கைக்குட்டையை எடுத்து வாய்வரை கொண்டுபோய், துடைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். முதலில் தேறியவர் டாக்டரம்மாதான்.

"நாலு ருசியும் தனித்தனியாத் தெரியுதுங்கிறீங்க. அதைத்தானே நானும் அடுக்கடுக்கான சுவைன்னு சொன்னேன்?"

சொந்த மச்சினன் முன்னுக்கு வருவதைச் சிலரால் தாங்க முடியாது, அது மனித சுபாவம் என்று மேலாளர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கடைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். அவர் கதவருகே வந்து நின்று, மேஜையைப் பார்த்தார், கிளாஸ்களைப் பார்த்தார், கணவரின் முகத்தைப் பார்த்தார். எந்த ஜாடியை ஊற்றினாய் என்று கேட்கப்பட்டது.

"அஞ்சாவதுதான். ஏன்?"

அத்தோடு வழக்கு முடிந்தது. ஐந்தாம் ஜாடி மச்சினனுடையது என்று அறிவிக்கப்பட்டது. கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த வாரமே கொட்டகைக்கு வந்துவிடச் சொன்னார். எல்லாரோடும் ஒட்டாத கருத்துச் சொன்னவர் விதிப்படி எழுந்து, தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அங்கே கடைக்காரரின் மனைவி சிவப்பு நூல் கட்டிய ஜாடியைச் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அது காலியாக இருந்தது. பக்கத்தில் துணி சுற்றிய பாட்டில் ஒன்று மூடிகூடத் திறக்காமல் நின்றது.

"நீங்க சொன்னது சரிதான்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமலே. "போன்ல இருந்தேன், மாறிப்போச்சு. உண்மையைச் சொன்னா நாலு பேரும் வாந்தி எடுப்பாங்க. யார் துடைக்கிறது?"

இதைவிட நியாயமான வாதத்தை நாக்கு அன்றைக்கு மாடியில் கேட்கவில்லை. குழாயைத் திறந்து முதல் கிளாஸைக் கழுவினார்.

மச்சினன் மெல்ல உள்ளே வந்தான். நின்றான். துணி சுற்றிய பாட்டிலைப் பார்த்தான். அவனுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, தன்னுடையது இல்லை என்று. எச்சில் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

"மாமா, என் பீரையே குடிச்சுப் பார்க்கட்டும்னு எனக்காகவா உண்மையைச் சொன்னீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அவருக்குத் துணிவில்லை. பாட்டிலைத் திறந்து, கழுவிய கிளாஸில் ஊற்றி, மூன்று மடக்குக் குடித்தார். மச்சினன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான். அந்த அறையில் எச்சிலுக்குச் சொன்ன வார்த்தையில் பாதியாவது இதற்குக் கிடைக்காதா என்று அவன் முகம் கெஞ்சியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் நாக்கு. "உண்மையாவே நல்லாருக்கு. கடைசில மட்டும் ஒரு வாசனை. பூ மாதிரி, ஆனா பூ இல்ல."

மறுபடி மோந்தார். இந்தமுறை புருவம் ஏறவும் இல்லை, சுருங்கவும் இல்லை. எட்டு மாதமாக அவர் டிரம்களின் நடுவில் நின்று குழைத்துப் பூசிக்கொண்ட சோப்பு அது.

"அது என்ன மாமா?"

"இடம் சரியில்ல மாப்ள. இடம் மாறினா போயிடும்," என்றார் அவர். அதற்குமேல் தன் பங்கைப் பற்றி விளக்குவது அவசியம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் டிரம்கள் வேனில் ஏறின. கொட்டகையில் காய்ச்சிய முதல் பீரைக் கடைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு ஐந்தாம் ஜாடியில் இருந்த அந்த முதிர்ச்சி இல்லையே என்றார். டாக்டரம்மாவும் மேலாளரும் அதையே சொன்னார்கள். இதெல்லாம் தெரியாமல் மச்சினனின் அக்காள், தம்பி பீரை ஊரே மெச்சுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் நேரிலேயே வந்துவிட்டான். நாக்கு குளியலறையில் இருந்தார். ஒரு மணி நேரமாக உள்ளேதான் இருக்கிறார், தினமும் இதே கதைதான் என்றாள் அக்காள். அவன் கதவைத் தட்டினான்.

"மாமா, அன்னைக்குக் குடிச்ச மாதிரியே வேணும்னு மூணு பேரும் உயிரை எடுக்கிறாங்க. நான் என்னதான் பண்றது?"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அவங்களையே குடிக்கச் சொல்லி, மிச்சத்தை வாங்கி வை," என்றார் நாக்கு. பிறகு இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு முதுகு தேய்க்கப் போனார்.