வெட்டிக் காட்டிய கப்பல்

போலி மருந்து வராமல் தடுக்கப் பெட்டிமேல் மினுமினுவென்று ஒட்டுகிறார்களே ஹாலோகிராம் ஸ்டிக்கர், அதை வெட்டும் இயந்திரத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர் அவர். ஆலையில் பட்டப்பெயரே 'மினுக்கு'. மகளின் இயற்பியல் ஆராய்ச்சியிலும் ஹாலோகிராம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் தொழிலத்தான் அவ பெருசாப் பண்றா" என்று கண்டவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

நூலக அரங்கில் மகளின் முதல் பொதுப்பேச்சு. அவளுக்கு வேலை தரலாமா என்று எடைபோட வந்த பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் தேய்த்த சட்டையில் மினுக்கு.

"ஸ்டிக்கர் தட்டைதான், ஆனா அதுக்குள்ள ஆழம் தெரியுது" என்றாள் மகள். "அதே மாதிரி, ஒரு அறைக்குள்ள நடக்குறது மொத்தமும் அதோட சுவர்லயே எழுதியிருக்குன்னு வைங்க. உள்ள ஈர்ப்பு விசை இருக்கு, எல்லாமே அதிர்ற சின்னச் சின்ன இழை. சுவர்ல ஈர்ப்பு விசையே இல்லாத வேற கணக்கு. ரெண்டும் ஒண்ணேதான்னு சொல்ல இழைக் கோட்பாடுதான் தெளிவா ஒரு உதாரணம் கொடுத்துச்சு. ஆனா அது வேற வடிவப் பிரபஞ்சத்துக்கு. நம்மளோடதும் அப்படியான்னு இன்னும் தெரியாது."

கேள்வி நேரத்தில் மினுக்கு எழுந்தார். கேட்கவா எழுந்தார்? திருத்த எழுந்தார்!

"முக்கியமானத விட்டுட்டியேம்மா. எத்தனை துண்டா வெட்டினாலும் ஒவ்வொரு துண்டுலயும் முழுப் படம் இருக்கும்." பையிலிருந்து கத்தரியை எடுத்து, கப்பல் முத்திரை போட்ட ஸ்டிக்கரை நறுக்கென்று வெட்டிப் பேராசிரியர் கையில் கொடுத்தார்.

பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதிக் கப்பல்தான் சார் இருக்கு."

அரங்கமே சிரித்தது. மினுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்று ஆலைப் பொறியாளர் அப்படிச் சொன்னது லேசர் ஒளியில் பார்க்கும் கண்ணாடித் தகட்டு ஹாலோகிராமைப் பற்றி. அச்சடித்த ஸ்டிக்கருக்கு அது செல்லாது. கோணலாக வெட்டுப்பட்ட பாதிக் கப்பல்களைத் தினமும் கழிவுக்கூடையில் கொட்டியவரே இவர்தான். கை செய்தது மண்டையில் ஏறவே இல்லை.

"நீங்க யாரு சார்?" என்றார் பேராசிரியர்.

மினுக்கு மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. கத்தரியைப் பைக்குள் திணித்தார்.

"யாருமில்ல சார். வழியில போனவன், சும்மா உள்ள வந்தேன்."

மகள் அரங்கத்தின் மறுபக்கம் திரும்பினாள். "அடுத்த கேள்வி" என்றாள்.

அவள் வீடு திரும்பியபோது அவர் சட்டைகூட மாற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிரும்மா. உன் மானத்த வாங்கிட்டேன். அதான் யாருமில்லன்னு சொன்னேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். "நீங்க தப்பா வெட்டினது பெருசில்லப்பா. யாருமில்லன்னு நீங்க சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."